முதல் வண்டியும் ஒரு பிடி உப்பும்

காதுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது.

சட்டென்று கையைத் தூக்கினேன். டிரைவர் சீட்டில் இருந்த என் வீட்டுக்காரர் அந்தோணி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். தரைக்குள் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு இரும்பு ரோலர்களும் உறுமலைக் குறைத்துக்கொண்டே வந்து நின்றன.

"இன்னா செல்வி?"

"நாக் அடிக்குது."

அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. வெளியே கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்ற பிரவீனுக்கு நாங்கள் பேசியது கேட்டிருக்காது. ஆனால் என் கை மேலே போனதைப் பார்த்துவிட்டான். வண்டி அவனுடையது.

ரோலர்களை டிரெய்லரிலிருந்து இறக்க முடியாமல் ஈ.சி.ஆர். ஓரத்தில் ஒரு பகல் முழுக்கத் தவித்த கதையைப் போன வாரம் எழுதினேன். படித்துவிட்டு, "அப்புறம் அந்த மெஷின் ஓடிச்சா இல்லியா?" என்று எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள்! ஓடியது. ஓடிய முதல் நாளே என் உயிரை வாங்கியது.

நின்ற இடத்திலேயே ஓட்டம்

அந்த மெஷினுக்குப் பெயர் டைனோ. அது என்ன என்று இன்னும் கேட்பவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

தரையில் ஒரு குழி. குழிக்குள் இரண்டு பெரிய ரோலர்கள். காரின் சக்கரத்தை அதன்மேல் நிறுத்தி, வண்டி எகிறிப் போகாமல் நான்கு பக்கமும் பெல்ட் போட்டுக் கட்ட வேண்டும். பிறகு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சக்கரம் ரோலரைச் சுற்றும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ரோலரை எவ்வளவு பலமாகச் சுற்றுகிறது என்பதை வைத்து இஞ்சினுக்கு எத்தனை குதிரைசக்தி என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். லேப்டாப்பை வண்டியோடு இணைத்து, பெட்ரோல் எவ்வளவு, தீப்பொறி எப்போது என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி, அந்த எண்ணை ஏற்றிக்கொண்டே போவதுதான் என் தொழில்.

மரக்காணத்தில் இதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. எங்கள் ஷெட் முன்பு அந்தோணி வீட்டாரின் உப்புக் கிடங்காக இருந்தது. தரையில் புதிதாக இரும்புத் தகடு பதித்ததைப் பார்த்ததும் ஊரே அது எடை மேடை என்று முடிவு கட்டிவிட்டது. ஒருநாள் உப்பு லோடு ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே ரிவர்ஸில் உள்ளே வர ஆரம்பித்தது. நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே போய் நின்றேன்.

"எடை போடணும்மா, சீக்கிரம் போடு" என்றார் டிரைவர்.

"அண்ணே, இது எடை போடுற மெஷின் இல்ல. காரோட பவரைப் பாக்குற மெஷின்."

"காரு ரோட்ல ஓடுனா பவர் தெரியப் போவுது. இதுக்கு ஒரு மெஷினா?" என்று கேட்டுவிட்டுத் திட்டிக்கொண்டே வெளியே எடுத்தார். அந்த மாதத்தில் மட்டும் ஐந்தாறு லாரிகளை விரட்டியிருப்பேன்.

காதை நம்பிய தொழில்

நாக் என்பது இஞ்சினுக்கு வரும் மாரடைப்பு. சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிய வேண்டிய விதத்தில் எரியாமல், தானாக ஒரு மூலையில் வெடித்துவிடும். ஒன்றிரண்டு தடவை என்றால் தாங்கும். தொடர்ந்து அடித்தால் பிஸ்டனில் ஓட்டை விழும், இஞ்சின் அதோடு சரி.

அதைப் பிடிக்க சென்சார் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் கழற்றி மாற்றிய வண்டிகளில் பல நேரம் அது வேலை செய்யாது. அதனால் நான் ஒரு செம்புக் குழாயின் நுனியைத் தட்டி நசுக்கி, இஞ்சினில் ஒரு போல்ட்டில் முறுக்கிவிடுவேன். அதன் மறுமுனையில் ரப்பர் டியூப். டியூபை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, காதை மூடும் மஃப்பில் துளை போட்டுச் சொருகிவிட்டால் போதும். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்கிறாரே, அதே வேலைதான். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் இஞ்சின் சோதனை அறையில் ஒன்பது வருஷம் இதைக் கேட்டுக் கேட்டுத்தான் என் காது பழகியது. அங்கேதான் அந்தோணியும் வெல்டராக இருந்தார். எனக்குக் கல்யாணம் ஆனதும் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் என்று சொல்லலாம். அது தனிக் கதை.

நாக் அடித்தால் செய்ய வேண்டியதும் எளிது. தீப்பொறி விழும் நேரத்துக்கு டைமிங் என்று பெயர். அதை முன்னால் தள்ளினால் பவர் கூடும். அளவுக்கு மீறித் தள்ளினால் நாக் அடிக்கும். அடித்தால் கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும், சத்தம் போய்விடும். போயே ஆக வேண்டும்.

சிவப்பு வண்டி

பிரவீன் சென்னைப் பையன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தயாரிப்பை நிறுத்திப் பல வருஷமான ஒரு சின்ன சிவப்புக் காரை வாங்கி, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வைத்தே இரண்டு வருஷம் இழைத்திருந்தான். இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ மாட்டியிருந்தான். அதன் சூடு வெளியேற பானெட்டில் நீளநீளமாகத் துவாரம் வெட்டியிருந்தான். வெட்டிய விளிம்பைக்கூட எவ்வளவு அழகாக மடித்திருந்தான் தெரியுமா! எனக்கு அவனை அப்போதே பிடித்துவிட்டது.

வந்ததும் வராததுமாக இரண்டு விஷயம் சொன்னான்.

"அக்கா, இந்த இஞ்சின் போச்சுன்னா எனக்கு வேற கெடைக்காது. இந்தியா ஃபுல்லா தேடிட்டேன்."

"சரிப்பா."

"இன்னொண்ணு. எங்க கிளப்புல பதினாலு வண்டி இருக்குது. என் வண்டி இருநூறு காட்டிச்சுன்னா அத்தினி பேரும் இங்கதான் வருவாங்க. சொதப்பிச்சுன்னா, ஒருத்தனும் இவ்ளோ தூரம் வர மாட்டான். ஓப்பனா சொல்லிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? உண்மையைத்தான் சொன்னான். எங்களுக்கும் ஒரு கெடு இருந்தது. அந்தோணியின் அண்ணன் கிடங்கை ஒரு வருஷத்துக்குத்தான் விட்டுக்கொடுத்திருந்தார். வண்டி வரவில்லை என்றால் குழியை மூடிவிட்டு மறுபடி உப்பு மூட்டை அடுக்கப் போவதாகப் பொங்கலன்றே சொல்லிவிட்டார். பதினொரு மாதம் மெஷினைப் பொருத்துவதிலேயே போய்விட்டது. முதல் வண்டியே இதுதான்.

யாருக்கும் சொல்லாமல் செய்த காரியம்

இனி எழுதப்போவதை எழுத எனக்கு இன்னமும் வெட்கமாக இருக்கிறது.

அன்று காலை பிரவீனும் அந்தோணியும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். வண்டியை ரோலர்மேல் ஏற்றிக் கட்டியாகிவிட்டது. பக்கத்துப் பாத்தியில் உப்பு வாருகிற அஞ்சலையக்கா வாசலில் வந்து நின்றார். வழக்கமாக வீட்டுக்கு உப்பு கொண்டுவந்து கொடுப்பவர்.

"இன்னாம்மா வண்டி இது! சும்மா தகதகன்னு இருக்குது. கண்ணு பட்டுடப் போவுது, சுத்திப் போட்டுடு."

"போக்கா, இஞ்சினுக்குக் கண்ணு படுமா? நான் இஞ்சினியரு."

"இஞ்சினியருக்கும் கண்ணு படும்மா" என்று சொல்லிவிட்டு, கூடையிலிருந்து ஒரு பிடி கல் உப்பை அள்ளி என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் திருஷ்டி, ராசி, நல்ல நேரம் எதையும் நம்பாதவள். சுவரில் மாதா படம் மாட்டி முழங்கால் போட்ட அந்தோணியை வாரம் முழுக்கக் கிண்டல் செய்தவள். அந்தப் பெருமைக்காரிதான் ஷெட்டில் யாரும் இல்லை என்று எட்டிப் பார்த்துவிட்டு, பானெட்டுக்கு முன்னால் நின்று, மூடிய கையை மூன்று சுற்றுச் சுற்றினேன். பயம் வந்தால் இஞ்சினியராவது ஒன்றாவது!

மூன்றாவது சுற்றில் வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. திருடி மாதிரி பதறிக் கையை விட்டுவிட்டேன். உப்பு காலடியில் விழுந்தது என்று நினைத்தேன். செருப்பால் இரண்டு கல்லை ஓரமாகத் தள்ளியதும் ஞாபகம் இருக்கிறது. மற்றதெல்லாம் எங்கே போயிற்று என்று நான் பார்க்கவில்லை.

இழுக்க இழுக்க ஏறிய சத்தம்

முதல் ஓட்டத்தில் நூற்று ஐம்பத்தெட்டு குதிரைசக்தி காட்டியது. ஆரம்பத்துக்கு அருமை! பிரவீன் வெளியே கட்டை விரலை உயர்த்தினான். இரண்டாவது ஓட்டத்தில்தான் அந்த 'டப்'.

டைமிங்கை இரண்டு டிகிரி பின்னால் இழுத்தேன். மறுபடி ஓட்டம். டப், டப்.

இன்னும் இரண்டு டிகிரி. டப், டப், படார்.

இன்னும் மூன்று இழுத்தேன். காதுக்குள் பொரி பொரிகிற மாதிரி கேட்டது. திரையில் நூற்று நாற்பத்தைந்து. பவர் கீழே போகிறது, சத்தம் மேலே ஏறுகிறது. ஒன்பது வருஷத்தில் இப்படி ஓர் இஞ்சினை நான் பார்த்ததே இல்லை. பின்னால் இழுத்தால் சத்தம் குறைய வேண்டும். கூடினால்?

பிரவீன் ஜன்னலில் குனிந்தான். "அக்கா, இஞ்சினுக்கு ஒண்ணும் ஆவலியே?"

"இருப்பா, பாத்துட்டு இருக்கேன்ல!" என்று கத்திவிட்டேன். அவன்மேல் கோபம் இல்லை. எனக்குத் தெரியவில்லை என்பதுதான் கோபம்.

"செல்வி, போதும், ஆஃப் பண்ணிடலாம்" என்று அந்தோணி சாவியைத் திருப்பினார்.

இஞ்சின் அடங்கியது. ஷெட்டுக்குள் திடீரென்று அமைதி. காதிலிருந்த மஃப்பைக் கழற்றக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

டப்.

நிமிர்ந்தேன். நின்றுபோன இஞ்சின் எப்படி நாக் அடிக்கும்? சூடான இரும்பு ஆறும்போது 'டிங், டிங்' என்று சொடுக்கும், அது எனக்குப் பழகிய சத்தம். இது அது இல்லை.

டப், படார்.

குதித்து இறங்கி, பெல்ட் தடுக்கி, விழாத குறையாக ஓடிப்போய் பானெட்டைத் திறந்தேன். சூடு முகத்தில் அறைந்தது. டர்போவைச் சுற்றிக் கட்டியிருந்த துணிப் பட்டையின் மடிப்பிலும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் குழாய்களின் இடுக்கிலும் வெள்ளை வெள்ளையாகக் கற்கள். என் கண் முன்னாலேயே ஒன்று வெடித்துத் தெறித்தது.

உப்பு. நேற்று வாரிய, ஈரம் காயாத உப்பு. அடுப்பில் போட்டால் எப்படி வெடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பானெட்டின் துவாரங்கள் வழியாக மொத்தமும் உள்ளே இறங்கியிருக்கிறது. டைமிங்கைப் பின்னால் இழுத்தால் எக்ஸாஸ்ட் இன்னும் சூடாகும் என்பது இந்தத் தொழிலில் பால பாடம். நான் இழுக்க இழுக்க குழாய் பழுத்தது, குழாய் பழுக்கப் பழுக்க உப்பு வெடித்தது. இஞ்சின் பாவம், அது பாட்டுக்கு நன்றாகத்தான் இருந்தது!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. அழுகைக்குப் பக்கத்துச் சிரிப்பு.

ஒரு வார்த்தை

அந்தோணி எட்டிப் பார்த்தார். உப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எட்டு வருஷம் கூட வாழ்ந்தவருக்கு அது போதும்.

"நீயா?" என்றார், உதடு மட்டும் அசைய.

தலையை ஆட்டினேன்.

"சென்சார்ல கோளாறுன்னு சொல்லிடு. நான் தொடச்சி வுட்டுடறேன். அவனுக்கு எங்க தெரியப் போவுது?" என்று காதோடு சொன்னார்.

சொல்லியிருக்கலாம். பிரவீன் இன்னும் அந்தப் பக்கம் திரையோடு நின்றுகொண்டிருந்தான். சென்சார் என்ற வார்த்தைக்கு எதிர்க்கேள்வி கிடையாது. டாக்டர் வைரஸ் என்று சொல்வதைப் போல. வாயைத் திறந்தும்விட்டேன். ஆனால் அவன் விளிம்பு மடித்த அந்தத் துவாரங்கள் கண்ணில் பட்டன. இரண்டு வருஷம் உழைத்து வெட்டியவனிடம் எப்படிப் புளுகுவது?

"பிரவீன், இங்க வாப்பா" என்றேன். "இஞ்சின் நல்லா இருக்குது. நாக்கே இல்ல. உள்ள உப்பு விழுந்து வெடிச்சிருக்குது. நான்தான் கவனிக்காம..." அங்கே ஒரு வினாடி நின்றேன். "கவனிக்காம இல்ல. நீங்க டீ குடிக்கப் போனப்ப திருஷ்டி சுத்தினேன். கை தவறி உள்ள கொட்டிட்டேன்."

அவன் குனிந்து உப்பைப் பார்த்தான்.

"திருஷ்டியா?"

"ஆமா."

"இவ்ளோ நேரம் டைமிங் இழுத்ததெல்லாம்?"

"அத்தனையும் வேஸ்ட்டு."

வெளியே போய் ரோட்டோரம் நின்றுகொண்டான். பாண்டி பஸ் ஒன்று போயிற்று, பின்னாலேயே இன்னொன்று போயிற்று. கதை முடிந்தது, குழியை மூட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு வந்தான்.

"க்ளீன் பண்ணிட்டு ஆரம்பிங்க. துரு புடிச்சுதுன்னா பாத்துக்குங்க" என்றான். சிரிக்கவில்லை.

இன்னும் ஏழு

ஆறவிட்டு, பட்டையைப் பிரித்து, ஊதி, உறிஞ்சி, நல்ல தண்ணீரில் துடைத்து, டார்ச் அடித்து ஒவ்வொரு இடுக்காகப் பார்த்து, புதுப் பட்டை சுற்றினோம். மதியச் சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை.

மறுபடி ஓட்டம். டைமிங்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். காதில் இஞ்சினின் சுத்தமான ரீங்காரம் மட்டும். நூற்று அறுபது!

ஒரு டிகிரி முன்னால். நூற்று எழுபத்தொன்று. டர்போவுக்குக் கொஞ்சம் அழுத்தம் கூட்டினேன். நூற்று எண்பத்து நான்கு! ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. பாத்தியில் வேலை செய்தவர்கள் உப்பு வாரும் பலகையை வைத்துவிட்டு வரப்பில் வரிசையாக வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அஞ்சலையக்கா அங்கிருந்தே கையைத் தட்டினார். அந்தோணி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "ஏத்து செல்வி, ஏத்து!" என்று கத்திக்கொண்டிருந்தார். மஃப் போட்டிருந்ததால் அவர் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

நூற்றுத் தொண்ணூற்று மூன்று. பிரவீன் வெளியே எம்பி எம்பிக் குதித்தான். முதல் தடவையாகச் சிரித்தான். ஏழு விரலைக் காட்டினான். இன்னும் ஏழு!

அரை டிகிரி முன்னால் தள்ளினேன்.

டிக்.

ஒரே ஒரு தடவை. மெல்லிய, கூர்மையான சத்தம். கையைத் தூக்கினேன். இஞ்சினை உடனே நிறுத்தச் சொல்லி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். உப்பென்றால் முன்பு போல நின்ற பிறகும் வெடிக்கும். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். ஒன்றும் இல்லை.

அரை டிகிரியைத் திரும்ப எடுத்துவிட்டு இறங்கினேன். "அவ்ளோதான் பிரவீன். நூத்தித் தொண்ணூத்தி மூணு. இதுக்கு மேல வேணாம்."

"ஏன்க்கா?"

"நாக் வருது."

"அது உப்பு மிச்சம் இருக்கும்க்கா."

"உப்பு இல்ல. இஞ்சின்."

"காலைல இருந்து எத்தினி தடவ நாக்குன்னு கைய தூக்குனீங்க, ஒண்ணுகூட நாக் இல்ல. இப்ப ஒரே ஒரு சவுண்டு. இது மட்டும் எப்படி நாக்கு?"

நியாயமான கேள்வி. நிரூபிக்க ஒரே வழிதான் உண்டு, இன்னொரு ஓட்டம். அதில் பிஸ்டன் ஓட்டையானால் நான் சொன்னது சரி என்று ஆகிவிடும். பதினான்கு வண்டியும், அந்தோணியின் அண்ணன் அடுக்கப்போகும் உப்பு மூட்டையும், பதினொரு மாதமும் என் முன்னால் வந்து நின்றன. ஏழு குதிரை. அந்தோணி வண்டியில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லேப்டாப்பை மூடினேன்.

"வேற யாராச்சும் ஏத்தித் தருவாங்க பிரவீன். கண்டிப்பா தருவாங்க, இருநூறுன்னு பேப்பரும் தருவாங்க. நான் மாட்டேன். என் காதுல விழுந்தது நாக்குதான்."

அவன் பானெட்டின்மேல் கையை வைத்தான். பிறகு போனை எடுத்து யாரையோ கூப்பிட்டான். என் எதிரில் நின்றுதான் பேசினான்.

"முடிஞ்சுதுடா. நூத்தித் தொண்ணூத்தி மூணு... இல்லடா, இருநூறு இல்ல. அக்கா போதும்னுட்டாங்க... எப்படி நம்பறதா? டேய், காலைல இவங்களே ஒரு தப்பு பண்ணிட்டாங்க. சென்சாரு, அது இதுன்னு எதாச்சும் சொல்லியிருந்தா நான் தலைய ஆட்டிட்டுப் போயிருப்பேன். சொல்லலடா. அப்ப இத மட்டும் எதுக்குப் பொய் சொல்லப் போறாங்க? நாளைக்கு உன் வண்டிய எடுத்துட்டு வா."

நான் வரப்புப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு, கூச்சமே இல்லாமல் அழுதேன். அந்தோணி வந்து, "நாளைக்கு எத்தினி மணிக்கு வர்றாங்கன்னு கேளு செல்வி" என்றார்.